லினக்ஸ் ட்ரைவர்ல எட்ஜா லெவலா: இன்டரப்ட் ட்ரிகர் பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

டீமுக்கு புதுசா வர்ற பசங்க எல்லாரும் முதல் மாசத்துலயே இந்த இடத்துல வந்து முட்டிக்கறாங்க, நானும் முட்டினவன்தான், அதனால ஒவ்வொருத்தருக்கும் வாயால சொல்றதுக்கு பதிலா எழுதி வச்சிடறேன். இன்டரப்ட்னா டிவைஸ் ஒரு லைன் (ஒயர்) வழியா "என்னைக் கவனி"ன்னு ப்ராசஸரைக் கூப்பிடறது, ஹேண்ட்லர்னா அந்தக் கூப்பாட்டுக்கு ஓடற ட்ரைவர் கோடு, ட்ரிகர் டைப்னா லைன்ல எது நடந்தா கூப்பாடுன்னு எடுத்துக்கணும்ங்கறது. லினக்ஸ் கெர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி), அதுலயும் ஆர்ம் ப்ராசஸர் போர்டுகளை மனசுல வச்சு எழுதினது. பிசி பக்கத்து கதையும் நடுவுல கொஞ்சம் வரும், ஏன்னா பாதி குழப்பம் அங்கேருந்து வந்ததுதான்.

எட்ஜுக்கும் லெவலுக்கும் நெஜமாவே என்ன வித்தியாசம்? புக்ல படம் பாத்தேன், புரிஞ்ச மாதிரியும் இருக்கு புரியாத மாதிரியும் இருக்கு.

படத்தை விடுங்க. குக்கர் விசில் எட்ஜ். அடிச்சுது, முடிஞ்சுது. அந்த நேரம் நீங்க மாடில துணி காயப்போட்டுட்டு இருந்தா போச்சு, மூணா நாலான்னு குக்கர்கிட்ட போய் கேக்க முடியாது. கைக்குழந்தை அழறது லெவல். நீங்க எப்ப வந்தாலும் அழுதுட்டுதான் இருக்கும், பசியா ஈரமான்னு பாத்து சரி பண்ற வரைக்கும் நிக்காது, காதைப் பொத்திக்கிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு கையை எடுத்தாலும் அதே அழுகைதான்.

ஒயர் கணக்குல சொன்னா, எட்ஜ்ல இன்டரப்ட் கன்ட்ரோலர் (லைன்களைப் பாத்து ப்ராசஸருக்குச் சொல்ற ஹார்ட்வேர்) லைன் மாறின அந்த கணத்தை ஒரு பிட்ல குறிச்சு வச்சுக்கும், அப்புறம் லைன் எப்படி இருந்தாலும் அதுக்கு கவலை இல்ல. லெவல்ல கன்ட்ரோலர் எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல, லைனைப் பாக்கும், இன்னும் அதே மாதிரி இருந்தா திரும்ப கூப்பிடும். இதுலேருந்துதான் ஹேண்ட்லரோட வேலை மாறுது. லெவல்னா டிவைஸை அமைதிப்படுத்தாம ஹேண்ட்லரை விட்டு வெளிய வரக்கூடாது, வந்தா அடுத்த நொடியே திரும்ப உள்ள இழுக்கும், சிபியூ அங்கேயே சுத்திட்டு கெடக்கும். எட்ஜ்னா டிவைஸ்ல இருக்கறதை ஒண்ணு விடாம காலி பண்ணாம வெளிய வரக்கூடாது, ஏன்னா மிச்சம் வச்சா லைன் மறுபடி மாறவே மாறாது, இன்னொரு கூப்பாடு வராது. ஒண்ணு தப்பினா சத்தம், இன்னொண்ணு தப்பினா நிசப்தம். நிசப்தம்தான் மோசம், டீபக் பண்றவனுக்கு பிடிக்க ஒரு நுனியும் கிடைக்காது.

மொத்தம் எத்தனை டைப் இருக்கு?

ஏறும் எட்ஜ், இறங்கும் எட்ஜ், ரெண்டும், ஹை லெவல், லோ லெவல். நம்பரா கெர்னல்ல வரிசையா 1, 2, 3, 4, 8. ரெண்டு எட்ஜும்ங்கறது 1ம் 2ம் சேர்ந்த 3, அவ்ளோதான். 0ன்னா டைப் எதுவும் சொல்லலைன்னு அர்த்தம், இதை ஞாபகம் வச்சுக்கங்க, கீழ ஒரு இடத்துல இதால ஒரு கூத்து வரும்.

ட்ரைவர்ல இன்டரப்டை ரிக்வெஸ்ட் பண்றப்ப (இந்த லைனுக்கு இந்த ஹேண்ட்லர்னு கெர்னல்கிட்ட பதியறப்ப) எந்த டைப் ஃபிளாக் போடணும்?

பெரும்பாலும் எதுவுமே போடாதீங்க. நான் சொல்லி யாரும் உடனே ஒத்துக்காத பதில் இதுதான்.

டைப்ங்கறது சிப்போட குணம் மட்டும் இல்ல, போர்டுல அந்த ஒயர் எப்படி போகுதுங்கறதோட குணம். டேட்டாஷீட்ல "ஆக்டிவ் லோ"ன்னு (லைன் கீழ போனா கூப்பாடுன்னு) போட்டிருக்கும், ஆனா போர்டு டிசைன் பண்ணவர் வோல்டேஜ் மாத்தறதுக்காக நடுவுல ஒரு ட்ரான்சிஸ்டர் வச்சிருப்பார், அது சிக்னலை தலைகீழா திருப்பிடும், இப்ப ப்ராசஸர் பக்கம் வந்து சேரறது ஆக்டிவ் ஹை. ட்ரைவர் சி ஃபைல்ல "ஃபாலிங்"ன்னு எழுதி வச்சிருந்தீங்கன்னா அந்த போர்டுல அது செத்துது, இல்லன்னா அதைவிட மோசமா, சிப் இன்டரப்டை விடற நேரத்துல போய் வேலை செஞ்சு பாதி சரியா ஓடும்.

இதை சொல்ல வேண்டிய இடம் டிவைஸ் ட்ரீ (போர்டுல என்னென்ன இருக்கு, எப்படி இணைஞ்சிருக்குன்னு கெர்னலுக்குச் சொல்ற ஃபைல்), பிசி மாதிரி மெஷின்னா அதே வேலையைப் பண்ற ஏசிபிஐ டேபிள். ட்ரைவர் டைப் எதுவும் சொல்லாம ரிக்வெஸ்ட் பண்ணா கெர்னல் அங்க சொல்லியிருக்கற டைப்பையே எடுத்துக்கும். மாறா நீங்க ட்ரைவர்ல ஒண்ணு போட்டா அது டிவைஸ் ட்ரீயில இருக்கறதை மேல ஏறி மிதிச்சிடும், அதுவும் சத்தமே இல்லாம. டிவைஸ் ட்ரீயில லெவல் லோன்னு சரியா எழுதிட்டு ஏன் இன்னும் எட்ஜ்னு காட்டுதுன்னு மண்டையை உடைச்சுக்கறவங்க முதல்ல ட்ரைவர் சோர்ஸைத் தொறந்து பாருங்க.

பழைய ட்ரைவர்கள்ல ஃபிளாக் போட்டு வச்சிருக்கறதை இப்ப எடுக்கலாமான்னா, அதுல யோசனை வேணும். தப்பான டிவைஸ் ட்ரீயோட ஏற்கனவே வெளிய போன போர்டு ஏதாவது அந்த ஃபிளாக்கை நம்பித்தான் ஓடிட்டு இருக்கும், எடுத்தா அது நின்னு போயிடும். புதுசா எழுதறதுல போடாதீங்க, பழசை எடுக்கறதுன்னா யார் யார் அதை யூஸ் பண்றாங்கன்னு பாத்துட்டு எடுங்க.

டிவைஸ் ட்ரீயில சரியாத்தான் எழுதியிருக்கேன், "ஆக்டிவ் லோ"ன்னே போட்டிருக்கேன், ஆனாலும் வேலை செய்யல?

கூத்துன்னு சொன்னது இதுதான். ஜிபிஐஓ பின்னுக்கு (எதுக்கு வேணா யூஸ் பண்ணிக்கற பொது பின்) போடற "ஆக்டிவ் லோ"ங்கற மேக்ரோவோட (பேர் வச்ச நம்பர்) மதிப்பு 1. இன்டரப்ட் டைப்ல 1ன்னா ஏறும் எட்ஜ். ஜிபிஐஓ லைனுக்கான மேக்ரோவை எடுத்து இன்டரப்ட் ப்ராப்பர்ட்டியோட கடைசி செல்லுல போட்டீங்கன்னா நீங்க கேட்டதுக்கு நேர் எதிரா ஏறும் எட்ஜ் கிடைக்கும், கம்பைலர் ஒரு வார்த்தை பேசாது, ஏன்னா அதுக்கு ரெண்டும் வெறும் நம்பர். "ஆக்டிவ் ஹை"யோட மதிப்பு 0, அதைப் போட்டா டைப்பே சொல்லாத மாதிரி. ரெண்டு தனித்தனி ஹெடர் ஃபைல், பேரு ஒரே மாதிரி, மதிப்பு வேற. இந்தத் தப்பு நல்லா தெரிஞ்சவங்க எழுதின டிவைஸ் ட்ரீயிலயே கெடக்கும், காப்பி பேஸ்ட்ல பரவற வியாதி.

லெவல் லோன்னு போட்டா ரிக்வெஸ்ட்டே ஃபெயில் ஆகி மைனஸ் 22ன்னு எரர் வருது, என்ன பண்றது?

அந்த லைன் நேரா ஆர்மோட ஜிஐசிங்கற இன்டரப்ட் கன்ட்ரோலருக்கு போகுதான்னு பாருங்க. ஜிஐசில எல்லா கோருக்கும் பொதுவான இன்டரப்டுகள் இருக்கே, 32ம் நம்பர்லேருந்து ஆரம்பிக்கறது, அதுக்கு ஏறும் எட்ஜ் இல்லன்னா ஹை லெவல், இந்த ரெண்டு மட்டும்தான் கெர்னல் ஒத்துக்கும். இறங்கும் எட்ஜோ லோ லெவலோ கேட்டா முகத்துக்கு நேரா இல்லன்னு சொல்லிடும். சிப்புக்குள்ள சிக்னலைத் திருப்பற ஒரு பகுதி ஜிஐசிக்கு முன்னாடி இருந்தா, சில எஸ்ஓசில (ப்ராசஸரும் மத்ததும் ஒரே சிப்புல இருக்கறது) இருக்கு, அதுக்கு தனி ட்ரைவர் இருக்கும், டிவைஸ் ட்ரீயில இன்டரப்ட் பேரன்டா ஜிஐசியைக் காட்டாம அதைக் காட்டணும்.

இங்கயே இன்னொண்ணும் சொல்லிடறேன். டிவைஸ் ட்ரீயில பொது இன்டரப்டுக்கு எழுதற நம்பர் 0லேருந்து எண்ணினது, ஜிஐசி மேனுவல்ல இருக்கறது அதோட 32 கூட்டினது. மேனுவல்ல 77ன்னா நீங்க எழுத வேண்டியது 45. டைப் தப்புன்னு நெனச்சு ஒரு நாள் பூரா தேடி கடைசில நம்பரே தப்புன்னு கண்டுபிடிக்கறது சகஜம்.

ஜிபிஐஓ கன்ட்ரோலர் வழியா வர்ற லைனுக்கு பொதுவா இந்தக் கட்டுப்பாடு இல்ல. ராஸ்பெரி பையோட பிராட்காம் சிப்புல எட்ஜ், லெவல் எல்லாமே கேக்கலாம், அதனால ஒயர் ஒண்ணை எடுத்து குத்தி பழகிப் பாக்க அது நல்ல இடம்.

டச் ஸ்க்ரீன் சில பூட்ல மட்டும் வேலை செய்யாம போகுது, ரீபூட் பண்ணா சரியாயிடுது. ஹார்ட்வேர் பிரச்சனையா?

அப்படித்தான் நானும் நெனச்சேன், ரெண்டு வாரம் பேனல் கொடுத்தவங்களை மெயில்ல திட்டினேன், இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. நடந்தது என்னன்னா, ட்ரைவர்ல இறங்கும் எட்ஜ்னு போட்டிருந்துது. சிப் பவர் வந்ததும் "நான் ரெடி"ன்னு சொல்றதுக்காக லைனைக் கீழ இழுத்துப் பிடிச்சுக்கும், ஹோஸ்ட் வந்து டேட்டாவைப் படிச்சாத்தான் விடும். நம்ம ட்ரைவர் இன்டரப்ட் ரிக்வெஸ்ட் பண்றதுக்கு முன்னாடியே லைன் கீழ போயிட்டா, இறங்கற அந்தக் கணத்தைப் பாக்க யாரும் இல்ல. அப்புறம் லைன் கீழயே கெடக்கும், சிப் நம்மளுக்காக காத்துட்டு இருக்கும், நம்ம எட்ஜுக்காக காத்துட்டு இருப்போம். பூட் டைமிங் கொஞ்சம் முன்ன பின்ன ஆனா சரியா வரும், அதனாலதான் எப்பவாவது மட்டும் வருது.

இந்த மாதிரி சிப்புக்கு லெவல் லோதான் சரி. லைன் எப்ப கீழ போயிருந்தாலும் பரவால்ல, ரிக்வெஸ்ட் பண்ண உடனே ஹேண்ட்லர் ஓடும், படிக்கும், லைன் மேல போகும். போர்டு எட்ஜ் மட்டும்தான் தாங்கும்னா, இன்டரப்டை எனேபிள் பண்ணதும் ஒரு தடவை ஹேண்ட்லர் வேலையை நீங்களே கையால பண்ணிடுங்க. சிலர் நடுவுல 50 மில்லிசெகண்ட் தூங்க வச்சு "சரி பண்ணிட்டேன்"ம்பாங்க. அது சரி பண்றது இல்ல, பக்கத்து தெருவுக்கு தள்ளி விடறது.

த்ரெட் ஹேண்ட்லர் வச்சிருக்கேன், ஒன்ஷாட் ஃபிளாக் இல்லன்னு கெர்னல் திட்டுது. அது எதுக்கு?

ஐ-ஸ்கொயர்-சி பஸ்ல (சிப்புகள் மெதுவா பேசிக்கற ரெண்டு ஒயர் இணைப்பு) இருக்கற சிப்பை அமைதிப்படுத்தணும்னா பஸ்ல பேசணும், பஸ்ல பேசணும்னா தூங்கணும் (பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்), ஹார்ட் இன்டரப்ட் உள்ள தூங்க முடியாது. அதனாலதான் கெர்னல் 2.6.30லேருந்து த்ரெட்ல (தனியா, தூங்கக்கூடியதா) ஓடற ஹேண்ட்லர் வசதி இருக்கு. இப்ப லெவலை யோசிங்க. லைன் கீழ போச்சு, ஹார்ட் பகுதி "த்ரெட்டை எழுப்பு"ன்னு சொல்லிட்டு வெளிய வந்துடும், கெர்னல் மாஸ்க்கை (லைனைக் கேக்காம அடைச்சு வச்சிருந்ததை) எடுக்கும், ஆனா த்ரெட் இன்னும் ஓடவே ஆரம்பிக்கல, லைன் இன்னும் கீழதான், உடனே திரும்ப இன்டரப்ட், திரும்ப, திரும்ப. த்ரெட்டுக்கு சிபியூவே கிடைக்காது. ஒன்ஷாட்னா த்ரெட் முடியற வரைக்கும் அந்த லைனை மாஸ்க்லயே வச்சிருன்னு அர்த்தம்.

ஹார்ட் ஹேண்ட்லரே குடுக்காம த்ரெட் மட்டும் குடுத்து, ஒன்ஷாட்டும் போடலன்னா கெர்னல் பொதுவா ரிக்வெஸ்ட்டையே மறுத்துடும், எட்ஜா இருந்தாலும் சரி. ட்ரைவர் எந்த போர்டுல போய் உக்காரும்னு தெரியாதுல்ல, அதனால அந்த கண்டிப்பு நியாயம்தான். எம்எஸ்ஐ (ஒயர் இல்லாத இன்டரப்ட், கீழ வருது) மாதிரி, ஒன்ஷாட் இல்லாமலே பத்திரம்னு கன்ட்ரோலரே சொல்லிக்கற இடத்துக்கு மட்டும் விலக்கு.

எட்ஜ் இன்டரப்ட் ஹேண்ட்லர் ஓடிட்டு இருக்கறப்ப இன்னொரு எட்ஜ் வந்தா தொலைஞ்சிடுமா?

ஒண்ணு தொலையாது, அதுக்கு மேல வந்தா எண்ணிக்கை தொலையும். கெர்னலோட எட்ஜ் வழில முதல்ல கன்ட்ரோலருக்கு அக் ("வாங்கிக்கிட்டேன்"னு) சொல்லிட்டு அப்புறம்தான் ஹேண்ட்லரைக் கூப்பிடும், அதனால நடுவுல புதுசா வர்ற எட்ஜ் பிடிபடும், பெண்டிங்னு ஒரு குறி போட்டு வச்சுட்டு, ஹேண்ட்லர் முடிஞ்சதும் இன்னொரு சுத்து ஓட்டும். ஆனா நடுவுல அஞ்சு வந்தாலும் அதே ஒரு குறிதான். அதனால இன்டரப்ட் எத்தனை தடவை வந்துதுன்னு எண்ணி எதையும் முடிவு பண்ணாதீங்க. ஃபிஃபோ (டேட்டா வரிசையா காத்திருக்கற இடம்) காலியான்னு டிவைஸைக் கேளுங்க, காலி ஆகற வரைக்கும் படிங்க.

ஹேண்ட்லர் உள்ள வரிசையும் முக்கியம். ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படிச்சு, க்ளியர் பண்ணி, அப்புறம் வேலையைப் பாருங்க. வேலையை முடிச்சுட்டு கடைசில க்ளியர் பண்ணீங்கன்னா, வேலை நடந்துட்டு இருக்கறப்ப புதுசா வந்த காரணத்தையும் சேர்த்து துடைச்சு எறிஞ்சிடுவீங்க. லெவல்லயும் இந்த வரிசை நல்லதுதான். ஆனா டேட்டாவைப் படிச்சு முடிச்சாத்தான் லைனை விடற சிப்பும் இருக்கு, அதுக்கு டேட்டாஷீட் சொல்றபடி போங்க.

பிசிஐல (பிசில கார்டுகளை இணைக்கற பஸ்) லெவல் இன்டரப்டை க்ளியர் பண்ணிட்டேன், ஆனாலும் ஒரு தடவை கூடுதலா வருதே?

ரெஜிஸ்டர்ல எழுதினது டிவைஸுக்கு இன்னும் போய்ச் சேரல. பிசிஐ எழுத்து எல்லாம் வழில பஃபர்ல உக்காந்து மெதுவா போகும், நீங்க ஹேண்ட்லரை விட்டு வந்து மாஸ்க் எடுக்கற நேரத்துல லைன் இன்னும் கீழதான் இருக்கு. எழுதின உடனே அதே டிவைஸ்லேருந்து ஏதாவது ஒரு ரெஜிஸ்டரைப் படிச்சிடுங்க, படிக்கறது முடியணும்னா எழுதினது முன்னாடி போயே ஆகணும்.

ஒரே லைனை நாலு டிவைஸ் பகிர்ந்துக்கலாமா?

லெவல்னா தாராளமா. எட்ஜ்னா வேண்டாம். இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1981ல வந்த ஐபிஎம் பிசில 8259 கன்ட்ரோலரை எட்ஜ் மோடுல வச்சாங்க, அதே பழக்கம் ஐஎஸ்ஏ (பழைய பிசி ஸ்லாட்) கார்டுகளுக்கும் வந்துது, அதனாலதான் அந்தக் காலத்துல சவுண்ட் கார்டுக்கு இன்டரப்ட் நம்பர் 5, ப்ரின்டருக்கு 7ன்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஜம்பர் மாத்தி வச்சு சண்டை போட்டுட்டு இருந்தாங்க. 1987ல ஐபிஎம் பிஎஸ்/2ல மைக்ரோ சேனல்ங்கற பஸ் வந்தப்ப லெவலுக்கு மாறினாங்க, பிசிஐயும் ஆரம்பத்துலேருந்தே லோ லெவல், பகிர்ந்துக்கற லைன்.

ஏன் எட்ஜ் ஒத்து வராதுன்னா, ஒரு டிவைஸ் லைனைக் கீழ பிடிச்சுட்டு இருக்கறப்ப இன்னொண்ணும் இழுத்தா லைன்ல மாற்றமே தெரியாது, ஏற்கனவே கீழதான இருக்கு. முதல் டிவைஸ் விட்டதுக்கப்புறமும் ரெண்டாவது பிடிச்சுட்டே இருக்கும், எட்ஜ் வரவே வராது. லெவல்ல அந்தக் கவலை இல்ல, ஒருத்தராவது பிடிச்சுட்டு இருக்கற வரைக்கும் கெர்னல் எல்லார் ஹேண்ட்லரையும் சுத்திச் சுத்தி கூப்பிடும்.

பகிர்ந்துக்கறதுன்னா ஒரு மரியாதை உண்டு. உங்க டிவைஸ் இல்லன்னா "என்னுது இல்ல"ன்னு திருப்பிச் சொல்லணும். எல்லாத்துக்கும் "பண்ணிட்டேன்"னு சொல்ற ஹேண்ட்லர், பொய் சொல்ற சாட்சி மாதிரி. அப்புறம் பகிர்ந்துக்கற எல்லாரும் ஒரே ட்ரிகர் டைப் கேக்கணும், ஒன்ஷாட்லயும் ஒத்துப் போகணும், இல்லன்னா பின்னாடி வர்றவருக்கு மைனஸ் 16ன்னு எரர் கிடைக்கும், லாக்ல ஃபிளாக்ஸ் ஒத்துப் போகலன்னு ஒரு வரி வரும். ட்ரைவர்ல டைப் போடாதீங்கன்னு மேல சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

"நோபடி கேர்ட்"னு கெர்னல் சொல்லிட்டு லைனை மூடிடுச்சு. நான்தான் கவனிச்சேனே?

நீங்க கவனிச்சீங்க, ஆனா சொல்லல, இல்லன்னா உண்மையிலேயே யாரும் கவனிக்கல. கெர்னல் ஒவ்வொரு 1,00,000 இன்டரப்டுக்கும் ஒரு கணக்கு பாக்கும், அதுல 99,900க்கு மேல யாருமே ஏத்துக்கலன்னா லைன் பழுதுன்னு முடிவு பண்ணி டிசேபிள் பண்ணிடும். டைப் தலைகீழா இருந்தா இது அப்படியே நடக்கும், லோ லெவல் லைனுக்கு ஹை லெவல்னு போட்டா, டிவைஸ் சும்மா இருக்கற நேரமெல்லாம் இன்டரப்ட்தான், ஹேண்ட்லர் போய் ஸ்டேட்டஸைப் பாத்தா ஒண்ணும் இல்ல, "என்னுது இல்ல"ன்னு வரும், கண் மூடித் தொறக்கறதுக்குள்ள லட்சம் ஆயிடும். இதுல ஒரு நல்லது, தப்பு டைப் சத்தமா மாட்டிக்குது.

லோட் ஆனதும் இந்த மெசேஜ் வந்தா முதல்ல போலாரிட்டியை (ஹையா லோவாங்கறதை) சந்தேகப்படுங்க, கொஞ்ச நேரம் நல்லா ஓடிட்டு வந்தா உங்க க்ளியர் பண்ற கோடைச் சந்தேகப்படுங்க, பகிர்ந்த லைன்னா பக்கத்து வீட்டு டிவைஸைச் சந்தேகப்படுங்க.

சிப்புலயே போலாரிட்டியை மாத்தற ரெஜிஸ்டர் இருக்கு. அதை எந்த மதிப்புக்கு வைக்கறது?

டிவைஸ் ட்ரீ என்ன சொல்லுதோ அதுக்கு. இன்டரப்ட் நம்பரைக் குடுத்து அதோட ட்ரிகர் டைப்பைக் கேக்கற ஃபங்ஷன் கெர்னல்ல இருக்கு, ப்ரோப்ல (ட்ரைவர் டிவைஸோட சேர்றப்ப ஓடற ஃபங்ஷன்) அதைக் கேட்டு, ஏறும் எட்ஜோ ஹை லெவலோன்னா சிப்பை ஆக்டிவ் ஹையா வைங்க, இல்லன்னா ஆக்டிவ் லோ. எம்பியூ-6050 மாதிரி மோஷன் சென்சார் ட்ரைவர்ல இப்படித்தான் பண்ணியிருக்காங்க, பாத்து கத்துக்க நல்ல கோடு. நடுவுல சிக்னலைத் திருப்பற ட்ரான்சிஸ்டர் இருக்கற போர்டுல இந்த வழியும் ஏமாத்தும், அங்க சிப் பக்கமும் ப்ராசஸர் பக்கமும் வேற வேற, அதுக்கு தனி ப்ராப்பர்ட்டி வைக்காம முடியாது.

பட்டனுக்கு ரெண்டு எட்ஜும் கேட்டிருக்கேன், அமுக்கினதா விட்டதான்னு எப்படி தெரியும்?

இன்டரப்ட் சொல்லாது. ஹேண்ட்லர்ல பின்னோட நிலையைப் படிங்க, ஆனா நீங்க படிக்கறதுக்குள்ள அது மறுபடி மாறியிருக்கலாம், மெட்டல் பட்டன் ஒரு அமுக்கலுக்கு பல தடவை துள்ளும். கொஞ்ச மில்லிசெகண்ட் கழிச்சு படிக்கற மாதிரி தள்ளிப் போடுங்க. சொந்தமா எழுதறதுக்கு முன்னாடி, கெர்னல்ல இருக்கற ஜிபிஐஓ கீஸ் ட்ரைவர் இதையெல்லாம் பண்ணிடுது, டிவைஸ் ட்ரீயில நாலு வரி போதும்.

இன்டரப்டை டிசேபிள் பண்ணி வச்ச நேரத்துல வந்தது என்ன ஆகும்?

டிசேபிள் பண்ணாலும் கெர்னல் பொதுவா ஹார்ட்வேர்ல உடனே மாஸ்க் பண்ணாது, சோம்பேறித்தனமா விட்டு வச்சுட்டு, இன்டரப்ட் நெஜமாவே வந்தாத்தான் மாஸ்க் பண்ணி பெண்டிங் குறி போடும். எனேபிள் பண்றப்ப எட்ஜா இருந்தா அந்தக் குறியைப் பாத்து திரும்ப அனுப்பும். லெவலை திரும்ப அனுப்பாது, அனுப்பத் தேவையும் இல்ல, லைன் இன்னும் அப்படியே இருந்தா ஹார்ட்வேரே கூப்பிடும். அப்புறம் ஹேண்ட்லர் உள்ளேருந்து அதே லைனை சாதாரண டிசேபிள்ல மூடாதீங்க, ஹேண்ட்லர் முடியட்டும்னு ஹேண்ட்லரே காத்துட்டு நிக்கும். காத்திருக்காத வகை ஒண்ணு இருக்கு, அதைக் கூப்பிடுங்க.

எம்எஸ்ஐக்கு என்ன டைப்?

எம்எஸ்ஐல ஒயரே இல்ல, டிவைஸ் ஒரு முகவரில மெமரி எழுத்து எழுதும், அவ்ளோதான். எழுதினது ஒரு நிகழ்ச்சி, பிடிச்சு வச்சுக்கற நிலை இல்ல, அதனால எட்ஜ் மாதிரிதான் நடந்துக்கும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி, பகிர்வு சண்டை இல்ல. ஆனா ஒயர்ல ஓடிட்டு இருந்த ட்ரைவரை இதுக்கு மாத்தறப்ப, டிவைஸை முழுசா காலி பண்ணாம வெளிய வர்ற பழக்கம் இருந்தா அது இப்பத்தான் பிடிபடும், லெவல் இத்தனை நாள் அந்தத் தப்பை மூடி மறைச்சுட்டு இருந்திருக்கும்.

கடைசியா என்ன டைப் செட் ஆகியிருக்குன்னு எங்க பாக்கறது?

ப்ராக் கீழ இருக்கற இன்டரப்ட்ஸ் ஃபைல்ல ஒவ்வொரு வரியிலயும் பொதுவா எட்ஜ் இல்லன்னா லெவல்னு இருக்கும், பக்கத்துல எத்தனை தடவை வந்துதுன்னு கோர் வாரியா எண்ணிக்கை. சிஸ் கீழ கெர்னல், அதுக்குள்ள ஐஆர்க்யூ ஃபோல்டர்ல நம்பர் வாரியா டைப் ஃபைல் இருக்கு. போலாரிட்டி ரெண்டு இடத்துலயும் வராது, ஒயர் நெஜமா எப்படி மாறுதுன்னு ஸ்கோப் (ஒயரோட வோல்டேஜை திரையில காட்டற கருவி) வச்சுப் பாருங்க. ஸ்கோப் ப்ரோபை சிப் பக்கம் வைக்காதீங்க, ப்ராசஸர் பக்கம் வைங்க. அந்த ட்ரான்சிஸ்டர் நடுவுல இருக்கலாம்.